ஆப்பிளுக்கு அலமாரி, பனைக்கு வழக்கா?

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே இப்போது இயற்கை அங்காடிகளும் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். மாப்பிள்ளைச் சம்பா, செக்கு எண்ணெய், கருப்பட்டி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதே அலமாரியில், கண்ணுக்கு நேராக, ஒரு கண்ணாடிப் பாட்டில் நிற்கிறது. ஆப்பிள் சிடர் வினிகர். அரை லிட்டர் 300, 400 ரூபாய். சர்க்கரை குறையும், உடம்பு இளைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நெசவாளி வீட்டு அம்மா முதல் வாத்தியார் வரைக்கும் வாங்கிப் போகிறார்கள்.

அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். வினிகர் என்றால் காடி. சிடர் என்றால்? மேலை நாடுகளில் பல இடங்களில் ஆப்பிள் ரசத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் மதுவுக்குத்தான் அந்தப் பெயர். நம் மொழியில் சொன்னால் ஆப்பிள் கள். ஆக, ஆப்பிள் கள்ளிலிருந்து வந்த காடி நம்ம ஊர் இயற்கை அங்காடியில் மரியாதையாக நிற்கிறது. அதே ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் நிற்கும் பனையில் ஒருத்தர் கள் இறக்கினால் அவர் மேல் வழக்கு. இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறேன்.

முதலில் அந்த ஆப்பிள் கள்ளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆப்பிள் விளையும் பகுதிகளில் இது பழைய பண்ணைவீட்டு வேலை. மரத்திலிருந்து விழுந்த பழம், அடிபட்ட பழம், சந்தையில் விலை போகாத பழம் எல்லாவற்றையும் கழுவி, அழுகலை வெட்டி எறிந்துவிட்டு, நசுக்கிப் பிழிகிறார்கள். ரசத்தைப் பெரிய ஜாடியில் ஊற்றி, உள்ளே கிளம்பும் வாயு வெளியேறுகிற மாதிரியும் வெளிக்காற்று உள்ளே போகாத மாதிரியும் மூடி வைக்கிறார்கள். பழத்தோலில் இருக்கும் நொதியோ, கடையில் வாங்கிப் போட்ட நொதியோ, ரசத்தின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. குளிர் நாடு என்பதால் இது நடந்து முடிய சில வாரங்கள் ஆகும். சர்க்கரை முழுக்கத் தீர்ந்து, இனிப்பே இல்லாமல் துவர்ப்பும் புளிப்புமாக நிற்கும்போது அதை அடிவண்டல் கலங்காமல் வேறு ஜாடிக்கு மாற்றி, இன்னும் சில மாதம் ஆற வைக்கிறார்கள். 5 முதல் 7 சதவீதம் வரை சாராயச் சத்து இருக்கும். காற்றுப் பட விட்டுவிட்டால் அதுவே காடி.

இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் வீட்டுக்கு மட்டும் இதைச் செய்துகொண்டால் வரி கிடையாது. அமெரிக்காவில் 2 பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரைக்கும் வீட்டுத் தேவைக்கு வரியில்லாமல் செய்துகொள்ள மத்திய அரசின் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை அடுப்பில் ஏற்றிச் சாராயமாகக் காய்ச்சி வடித்தால் இரண்டு நாட்டிலும் குற்றம். புளிக்க வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு என்று அந்தச் சட்டங்கள் பிரித்துப் பார்க்கின்றன.

இப்போது நம் பனைக்கு வருவோம். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது இனிப்பான சாறு. நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாமல் விட்டால், காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கும் நொதி வேலையை ஆரம்பித்துவிடும். ஆப்பிளுக்கு வாரக்கணக்கு, நம்ம பங்குனி வெயிலில் பனைக்கு மணிக்கணக்கு. காலையில் இறக்கியது மாலைக்குள் கடுக்கும். 4 முதல் 6 சதவீதம் சாராயச் சத்து. மறுநாள் அதுவே புளித்துக் காடிப் பக்கம் திரும்பிவிடும். மண்பானையில் ஊற்றி, வாயில் துணி கட்டி, சில வாரம் நிழலில் விட்டால் முதல்தரமான காடி. கேரளத்திலும் கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள் காடி சமையலறைப் பொருள். கடையில் கிடைக்கிறது, மீனிலும் ஊறுகாயிலும் போடுகிறார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சர்க்கரைச் சாறு கள்ளாக மாறாமல் காடியாக மாற முடியாது. கள் என்கிற வாசப்படியைத் தாண்டித்தான் காடி என்கிற வீட்டுக்குள் போகணும். ஆப்பிளுக்கும் அதே வழி, பனைக்கும் அதே வழி. தமிழ்நாட்டு விவசாயி பனங்காடி செய்து அந்த அலமாரியில் வைக்க நினைத்தால், முதல் நாளே அவர் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். அந்தச் சட்டம் 1937-ல் ராஜாஜி ஆட்சியில் வந்தது. கள் தரும் மரத்தைச் சீவுவதே அதில் குற்றம். சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948-க்குள் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் தளர்த்தினார்கள். 1973-ல் கள்ளுக்கடையை மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் மறுபடியும் மூடினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கள்ளுக்குத் தடை தொடர்கிறது.

மது வேண்டாம் என்கிற கொள்கையால்தான் இந்தத் தடை என்றால், நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் டாஸ்மாக் 1983-ல் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. 2023-24-ல் அதன் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 42.8 சதவீதம் சாராயச் சத்துள்ள பாட்டிலை அரசு விற்கலாம்; 5 சதவீதம் உள்ளதை விவசாயி தன் மரத்திலிருந்து இறக்கக் கூடாது. ஆலைக்கு அனுமதி, மரத்துக்குத் தடை. இதை மதுவிலக்கு என்று எந்தக் கணக்கில் சொல்வது?

நம்ம பக்கத்திலும் ஒரு பேச்சைத் திருத்திக்கொள்ளணும் என்று எனக்குத் தோன்றுகிறது. கள் இயக்கத்தின் செ. நல்லசாமி அய்யா பல ஆண்டுகளாக ஒற்றை ஆளாகக் கூட இந்தப் பிரச்சினையை உயிரோடு வைத்திருக்கிறார். கள் உணவு, போதைப்பொருள் அல்ல, இல்லையென்று நிரூபித்தால் பரிசு என்று சவால் விட்டிருக்கிறார். அவர் போராட்டத்துக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ‘கள் அமிர்தம், கள் மருந்து, கள்ளில் போதையே இல்லை’ என்று நம்மில் சிலர் மேடையில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. புளித்த கள்ளில் சாராயச் சத்து இருக்கிறது. அளவுக்கு மேல் குடித்தால் எந்த மதுவும் செய்கிறதை அதுவும் செய்யும். ஆப்பிள் காடி விற்கிறவன் அளந்துவிடும் கதையை நாமும் பனைக்கு அளந்துவிட வேண்டாம். உள்ளதைச் சொன்னாலே நம் கோரிக்கை நிற்கும். கள் பீர் அளவுக்கு லேசான ஒரு மது, அதோடு காடிக்குத் தாய்ப்பொருள். அதைத் தன் மரத்திலிருந்து இறக்கித் தன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் உரிமை உழவனுக்கு வேணும்.

இது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே வீட்டில் மது ஊறவைக்கும் முறையை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சணும். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆறவிடணும். அதில் முளைகட்டிய தானியத்தின் அடையைக் கலக்கணும். 2 பகல், 2 இரவு ஜாடியில் வைத்துப் பச்சை வாசனை போனபிறகு கையால் பிழிந்து எடுக்கணும். சுட்ட மீனோடு அதை விருந்தாளிக்குக் கொடுப்பார்களாம். முளைதானியத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, பிறகு புளிக்க வைப்பது இன்றைக்கு பீர் ஆலையில் நடக்கும் வேலையின் அதே அடிப்படை. சங்க காலத்தில் நம்ம தொண்டை நாட்டு வீட்டில் தெரிந்திருந்த கலை அது.

இன்றைக்கும் நொதியை நாம் வீட்டைவிட்டுத் துரத்திவிடவில்லை. பழைய சோறும் நீராகாரமும் ராத்திரியில் புளித்ததுதான். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியும், மாவு புளித்த பிறகு மிளகு, சுக்கு, சீரகம் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைப்பதுதான். ஆப்ப மாவில் கள் ஊற்றி உப்ப வைத்த வீடுகளும் உண்டு. மாவு புளிக்கலாம், சோறு புளிக்கலாம், பனஞ்சாறு மட்டும் புளிக்கக் கூடாது.

இனி எதிர்ப்பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். அதில் நியாயம் இருக்கிறது. குடியால் கெட்ட குடும்பங்கள் காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. புடவை அறுத்துக் கூலி வாங்கிய அன்றைக்கே கூலி எங்கே போகுது என்று தறிவீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்லுவார்கள். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெண்கள் முன்னால் நின்றார்கள். பெரியார் தன் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னையை வெட்டிச் சாய்த்தார். அந்தப் போராட்டங்களைச் சின்னதாக்கிப் பேச எனக்கு உரிமை இல்லை. ‘வீட்டுக்குன்னு ஆரம்பிப்பீங்க, கடைன்னு முடிப்பீங்க’ என்று ஒரு அக்கா கேட்டால், அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லித்தான் ஆகணும்.

என் பதில் இது. அன்றைக்குக் கெடுத்தது ஏலக் கடை முறை. குத்தகைக்காரன் பெரிய தொகைக்குக் கடையை எடுப்பான். போட்ட பணத்தை எடுக்க, இறங்கிய கள்ளைவிடப் பல மடங்கு விற்கணும். அப்போதுதான் தண்ணீரும் மயக்க மருந்தும் கலயத்துக்குள் நுழைகின்றன. கலப்படக் கள் மனுஷனைச் சாய்த்த கதைகள் பக்கத்து மாநிலங்களிலும் உண்டு. எனவே கடை திறங்கள் என்று நான் கேட்கவில்லை. தன் மரம், தன் வீடு, தன் காடிப்பானை, இவ்வளவுதான் கேட்கிறேன். கள்ளின் குணமும் இதற்குத் துணை நிற்கிறது. அதை இறக்கியபடியே நெடுநாள் வைத்திருக்க முடியாது. ஒரு நாள் தாண்டினால் புளித்துவிடும்.  ஊரில் இறங்கியதை ஊரிலேயே தீர்ப்பதுதான் எளிது.

‘கள்ளை விட்டால் கள்ளச்சாராயச் சாவு வரும்’ என்கிறார்கள். இது அப்படியே தலைகீழ். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும், நமக்குப் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கு மேற்பட்டவர்கள். இரண்டிலும் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைக்கான ரசாயனம். கள்ளச் சந்தையில் வந்து பாக்கெட்டில் போனது. பனங்கலயத்தில் புளிக்கும் சாறு அந்த அளவு மெத்தனாலைத் தராது, தரவும் முடியாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. கள்ளச்சாராயம் விற்பவனுக்கு எவ்வளவு தண்டனை கொடுத்தாலும் தகும். பாளை சீவியவனையும் அதே சட்டப் புத்தகத்துக்குள் வைத்திருப்பது தகுமா என்பதுதான் கேள்வி.

இதில் பணயமாக நிற்பது குடி இல்லை, மரம். உத்திரமேரூர் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எழுபது தாண்டியவர். மாசி பிறந்தால் இன்றைக்கும் பத்து மரம் ஏறிப் பதநீர் இறக்குகிறார்.

“ஏன் தாத்தா, கூட யாரும் ஏற வர்றதில்லையா?” என்றேன்.

“யாருப்பா வருவான்? பேரன் ஒரகடம் கம்பெனிக்கு வேன்ல போறான். மரத்துக்குக் காலைல ஒரு தபா, சாயந்திரம் ஒரு தபா ஏறணும். பதநி பத்து மணிக்குள்ள விக்கலைன்னா கீழதான் ஊத்தணும். புளிச்சா கேஸு. காய்ச்சறதுக்கு வெறகு இல்ல, காய்ச்சிக் கொடுத்த கெழவியும் இல்ல.”

அவர் சொன்ன கணக்கை நாம் எழுதிப் பார்க்கலாம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதநீரை மணிக்கணக்காகக் காய்ச்சணும். விறகும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் வேணும். விற்காத பதநீரை மிச்சம் பிடிக்க அவருக்கு வேறு வழி எதையும் சட்டம் வைக்கவில்லை. இயற்கை தானாகவே ஒரு வழி வைத்திருக்கிறது. புளிக்க விட்டால் அடுப்பு இல்லாமல், விறகு இல்லாமல் காடி. மாதக்கணக்கில் கெடாது. அந்த வழியைத்தான் நாம் குற்றம் ஆக்கியிருக்கிறோம்.

ஏறுகிறவன் இல்லாவிட்டால் பனைக்கு என்ன மதிப்பு? சூளைக்கு விறகு என்கிற மதிப்புதான். 2021-ல் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும் என்று அறிவித்தார்கள். பனை விதை நடும் திட்டமும் வந்தது. வரவேற்கிறோம். ஏரிக்கரையில் நாமும் விதை ஊன்றியிருக்கிறோம். ஆனால் இன்றைக்கு ஊன்றும் விதை பாளை விட 15, 20 வருஷம் ஆகும். அன்றைக்கு அதில் ஏற ஒரு ஆள் வேணும். ஏறத் தெரிந்த கடைசித் தலைமுறையை இன்றைக்கு வழக்குக்குப் பயந்து இறங்க வைத்துவிட்டு, மாநில மரம் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டு என்ன பயன்? மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மரமேறியின் பிழைப்பைக் காப்பாற்றணும்.

2017-ல் தென்னை நீராவுக்கு அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் நீரா என்றால் புளிக்கவே கூடாது. அதற்குக் குளிர்ப்பெட்டி வேணும், இறக்கியது முதல் விற்பதுவரை குளிரிலேயே இருக்கணும். முதலீடு உள்ளவர்களுக்கு அது சரி. பத்துப் பனை வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு அது எட்டாத உயரம். பனை உயரத்தையாவது ஏறிவிடலாம்!

மற்ற இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். கேரளத்தில் கள் இறக்குவது சட்டப்படியான தொழில். தொழிலாளிக்கு 1969-ல் நலநிதிச் சட்டமே வந்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் கள்ளுக்குத் தடை இல்லை. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேகரிக்கின்றன. பனை அபிவிருத்திச் சபை என்று தனி அமைப்பே 1978 முதல் இருக்கிறது. கோவா தன் முந்திரி பெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காஞ்சிப் பட்டுக்குக் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களான நமக்கு அதன் மதிப்பு தெரியும். ஒரு மண்ணின் பொருளை அந்த மண்ணோடு கட்டிவைக்கும் முடிச்சு அது.

ஆகவே என் கோரிக்கை சின்னது, நாலே நாலு.

ஒன்று, சொந்தமாகவோ குத்தகைக்கோ பனை, தென்னை வைத்திருப்பவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மரங்களில் வீட்டுத் தேவைக்குக் கள் இறக்கினால் குற்றமில்லை என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். விற்பனை இல்லை, காய்ச்சி வடித்தல் இல்லை.

இரண்டு, பனங்காடி, தென்னங்காடி செய்ய உழவர் குழுக்களுக்கும் பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் எளிய உரிமம் வேண்டும். கட்டணம் ஒரு சிறு விவசாயி கட்டக்கூடியதாக இருக்கணும்.

மூன்று, எந்தக் காலத்திலும் ஏலக் கடை கூடாது.

நான்கு, ஒரு ஊரில் இது வேண்டாம் என்று அந்த ஊர்ப் பெண்கள் கிராம சபையில் முடிவெடுத்தால் அந்த முடிவு செல்ல வேண்டும். டாஸ்மாக் கடைக்கும் அதே விதி.

இந்த நாலாவதைச் சேர்க்கும்போது நம் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். நம் உரிமையைக் கேட்கும்போது பெண்களின் உரிமையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பலம் இருக்காது.

அதுவரைக்கும் அங்காடி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிள் காடியை எடுத்துப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆப்பிள் போட்டவரும் விவசாயிதான், நம்ம உறவுதான். அதன் பக்கத்தில் ஒரு பாட்டில் அளவுக்கு இடம் காலியாக விட்டு, ‘பனங்காடிக்கான இடம்’ என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். ஏன் காலியா இருக்குது என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு ஏரிக்கரைப் பெரியவர் கதையைச் சொல்லுங்கள். வரும் கிராம சபையில் இந்த நாலு கோரிக்கையையும் தீர்மானமாக வைக்க அவர்களையும் கூப்பிடுங்கள்.